ரோமானியரின் மீன் சாறு – கடிதம்

வணக்கம். பொம்பெய் பற்றிய கட்டுரையில் 'காரும்' என்ற மீன் சாற்றைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன், மீன் குடலை வெயிலில் அழுகவிட்டுச் செய்தது என்றே எங்கும் இருக்கிறது. அழுகிய மீனை எப்படி விரும்பிச் சாப்பிட்டார்கள்? பணக்காரர்களின் விபரீத ருசி என்று எடுத்துக்கொள்ளலாமா?
– ச.

அன்புள்ள ச.,

அழுகல் என்ற பேச்சைக் கிளப்பியவர்களில் ரோமானிய எழுத்தாளர் பிளினியும் ஒருவர். தூக்கியெறிய வேண்டிய குடலை உப்பில் ஊறவைத்து எடுக்கும் அழுகல் நீர் என்றே எழுதிவைத்தார். ஆனால் நடப்பது அழுகல் இல்லை. அவ்வளவு உப்பில் கெடுக்கும் கிருமிகள் வளர முடியாது. மீன் குடலில் இருக்கும் செரிமான நொதிகளே சதையைக் கரைத்துவிடுகின்றன. இரண்டு மூன்று மாதம் வெயிலில் வைத்துக் கிளறி, கூடையில் வடித்தால் தெளிந்த சாறு கிடைக்கும், அடியில் தங்கும் கசடுக்கு அல்லெக் என்று பெயர், அதையும் விற்றார்கள். கருவாடு தெரிந்த நமக்கு இதில் திகைக்க ஒன்றும் இல்லை.

தொட்டிகளைப் பார்த்தால் எவ்வளவு கவனமாகச் செய்த தொழில் என்று புரியும். ஸ்பெயினின் தென்கோடியில் பைலோ கிளவுதியா என்ற ஊர், ஜிப்ரால்டர் நீரிணை வழியாக வரும் சூரை மீனை நம்பி வாழ்ந்தது. அங்கே கடற்கரையை ஒட்டி வரிசையாகத் தொட்டிகள் இன்றும் இருக்கின்றன. சுண்ணாம்போடு ஓட்டுத்தூள் கலந்த சாந்து, நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே அதே மாதிரி, உள்ளே நீர் கசியாமல் பூசியிருப்பார்கள். போர்ச்சுகலின் த்ரோயாவில் இருபதுக்கும் மேற்பட்ட பட்டறைகள், ரோமானிய உலகில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பெரியது அதுதான். துனீசியாவின் நாபுலில் கடலுக்குள் மூழ்கிக் கிடந்த பழைய ஊரில் சுமார் நூறு தொட்டிகளை 2017-இல் கண்டார்கள்.

பணக்காரர் ருசியா என்று கேட்டீர்கள். ஸ்பெயினின் கார்தகேனா பக்கம் கானாங்கெளுத்தியில் செய்த உயர்ந்த ரகம் சுமார் ஆறரை லிட்டருக்கு 1,000 செஸ்டர்ஷியஸ் (ரோமானிய நாணயம்), ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 900 தான். ஆனால் அந்த ஒரு ரகத்தை வைத்து முழுத் தொழிலையும் எடைபோடுவது தவறு. ரோமானிய பிரிட்டனின் வட எல்லையில் விந்தோலாந்தா என்ற படைக்கோட்டையில் கிடைத்த மரப் பலகைக் கணக்கு ஒன்றில் பார்லி, பீர், பன்றிக் கொழுப்போடு மீன் உப்புநீரும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ரோமானியச் சமையல் குறிப்புகளில் உப்புக்குப் பதில் பெரும்பாலும் இந்தச் சாற்றைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் பொம்பெயின் உம்ப்ரீசியஸ் ஸ்காரஸ். மீன் சாற்று வியாபாரி. வீட்டு முன்கூடத் தரையின் நான்கு மூலையிலும் தன் சாற்று ஜாடியையே மொசைக்கில் பதித்து, ஸ்காரஸின் பட்டறையிலிருந்து வரும் கானாங்கெளுத்திச் சாற்றின் முதல்தரம் என்று எழுதவும் வைத்தார். அவர் பெயர் எழுதிய ஜாடி தென் பிரான்சின் ஃபோஸ் துறைமுகம் வரை போயிருக்கிறது. அவர் மகன் ஊரின் உயர்ந்த பதவியில் இருந்து இறந்தபோது, அடக்கத்துக்கு 2,000 செஸ்டர்ஷியஸும் ஊரின் பொதுச் சதுக்கத்தில் குதிரைமேல் அமர்ந்த சிலையும் நகரசபை கொடுத்தது. மீன் சாறு விற்ற குடும்பம் என்று யாரும் மூக்கைப் பிடித்ததாகத் தெரியவில்லை. பொம்பெயையும் அந்த ஜாடிகளையும் கி.பி. 79-இல் மூடிய அதே வெசுவியஸ் எரிமலை வெடிப்பில், நேப்பிள்ஸ் விரிகுடாவின் இன்னொரு கரையில்தான் பிளினியும் இறந்தார்.

அப்புறம் ஒன்று. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த ரோமானிய ஜாடி ஓடுகளைத் தொல்லியல் அறிஞர் எலிசபெத் லைடிங் வில் ஒவ்வொன்றாக வகைப்படுத்தினார். பெரும்பாலானவை மது ஜாடிகள், ஆனால் சில ஸ்பெயினிலிருந்து மீன் சாறு கொண்டுவந்தவை. ஸ்பெயின் கடலில் பிடித்த மீனின் சாறு வங்கக் கடற்கரை வரை வந்து இறங்கியிருக்கிறது. அங்கே தங்கியிருந்த மேற்கத்திய வணிகர்கள் தங்கள் சோற்றுக்காக வரவழைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.