முன்தோலும் சிறுநீர்த் தொற்றும்: சேலத்துப் பெற்றோரின் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவர் பதில்

கிச்சிப்பாளையத் தந்தை: மகனுக்கு இரண்டு மாதம். இப்போதே சுன்னத் செய்தால் சிறுநீர்த் தொற்று பத்து மடங்கு குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: குறையும், எத்தனை மடங்கு என்பதில்தான் வழக்கே இருக்கிறது. 1985இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வைஸ்வெல் 5,261 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, முன்தோல் நீக்காத ஆண் குழந்தைகளில் 4.12 விழுக்காட்டினருக்கும் நீக்கியவர்களில் 0.21 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்ததாக எழுதினார். ஏறத்தாழ இருபது மடங்கு. 1998இல் கனடாவின் ஒன்டாரியோவில் மருத்துவமனைச் சேர்க்கையை அளந்தபோது வேறுபாடு 3.7 மடங்காகச் சுருங்கியது. மடங்குக் கணக்கு மிரட்டும், தலைக்கணக்கு அப்படியல்ல. 12 ஆய்வுகளைத் தொகுத்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, நூற்றில் ஒருவருக்கே தொற்று வரக்கூடிய நலமான குழந்தைகளில், ஒரு தொற்றைத் தடுக்க 111 பேருக்கு முன்தோல் நீக்க வேண்டும். மார்க்கத்துக்காகச் செய்வதற்கு இந்தக் கணக்கின் துணை தேவையில்லை. ஆனால் வீட்டில் எவருக்கேனும் இரத்தம் உறையாத நோய் இருந்தாலோ, சிறுநீர்த் துளை குறியின் அடிப்பக்கம் தள்ளியிருந்தாலோ முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்; துளையைச் சீரமைக்க அந்தத் தோலே தேவைப்படலாம்.

ஏற்காட்டுத் தாய்: பை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் கிருமி இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. காய்ச்சல் இல்லை. முன்தோல்தான் காரணமா?

பதில்: முதலில் அந்தப் பையைத்தான் சந்தேகிப்பேன். தோலில் ஒட்டிய பைக்குள் சிறுநீர் தேங்கும்போது, முன்தோலின் உட்புறத்தில் இயல்பாக வாழும் கிருமிகளும் அதில் கலந்துவிடுகின்றன. அந்தப் புட்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துப் பரிசோதனைக்கூடத்தை அடைவதற்குள் ஒன்று பத்தாகிவிடும். பழைய ஆய்வுகள் மீதான முக்கியக் குற்றச்சாட்டும் இதுவே: முன்தோல் உள்ள குழந்தையின் சிறுநீர் எளிதில் மாசுபடுவதால், இல்லாத தொற்றும் கணக்கில் ஏறியிருக்கலாம். மேலும், அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சுன்னத்தைத் தள்ளிப்போடுவது வழக்கம். தொற்று அதிகம் வருவதும் அவர்களுக்குத்தான்; அதனாலும் முன்தோல் நீக்காதவர்களின் கணக்கு ஏறியிருக்கலாம். அந்தப் 12 ஆய்வுகளில் சீட்டுக் குலுக்கலைப் போலக் குழந்தைகளைப் பிரித்து ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. நீங்கள் குறியைக் கழுவித் துடைத்து, முதலில் வருவதை விட்டு நடுவில் வரும் சிறுநீரைக் கிண்ணத்தில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருக்காமல் கீழே வந்துவிடுங்கள்.

அம்மாப்பேட்டைத் தாய்: ஏழு மாதத்தில் மூன்று முறை தொற்று; சிறுநீர் சிறுநீரகத்துக்கே கடுமையாகத் திரும்புகிறதாம். சுன்னத் உதவுமா?

பதில்: உங்கள் மகனின் கணக்கே வேறு. தொற்று திரும்பத் திரும்ப வருபவர்களில் 11 பேருக்குச் சுன்னத் செய்தால் ஒரு தொற்று தடுக்கப்படும். சிறுநீர் இப்படிக் கடுமையாகத் திரும்பினால் நான்கு பேருக்கே ஒன்று. அறுவை மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: சுன்னத்தை அமெரிக்க மருத்துவர்கள் ஆதரிக்க, ஐரோப்பியர் ஏன் எதிர்க்கிறார்கள்?

பதில்: நன்மை தீமையை விஞ்சுகிறது என்ற 2012ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்க அறிக்கையும் எல்லாருக்கும் செய்யச் சொல்லவில்லை. மறு ஆண்டே 38 மருத்துவர்கள், பெரும்பாலும் ஐரோப்பியர், அதில் பண்பாட்டுச் சார்பு இருப்பதாக எழுதினர். சார்பு உங்களிடம்தான் என்று அமெரிக்கத் தரப்பிலிருந்து பதில் வந்தது. இருவர் சொன்னதிலும் சற்று உண்மை உண்டு என்பது என் கருத்து.

ஆத்தூர்த் தாய்: எண்ணெய்க் குளியலின்போது ஆயா முன்தோலைப் பின்னுக்கு இழுக்கிறார்.

பதில்: வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். வலிந்து இழுத்தால் தோல் கிழிந்து தழும்பாகி இறுகும். வெளியே கழுவினால் போதும். அது தானாகப் பிரியும், சிலருக்குப் பள்ளிக்கூடம் போன பிறகும்கூட.