முன்னோர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: என் அமெரிக்க மருமகளின் முன்னோர் ஒருவர் ஊரில் தபால் அதிகாரியாக இருந்து, பிறகு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரானாராம். ஒரு புத்தகம் 1846 என்கிறது, இன்னொன்று 1847 என்கிறது. இரண்டும் வேறு ஆட்களா? ஓர் ‘ஆய்வாளர்’ பணம் கட்டினால் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: கட்டாதீர்கள். 1774 முதல் உறுப்பினராக இருந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் காங்கிரஸின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. அதை அச்செடுத்து முத்திரை குத்தி விற்கத்தான் இத்தனை பேர் அலைகிறார்கள்.

வருடக் குழப்பத்துக்கு லிங்கனையே பாருங்கள். 1846 ஆகஸ்டில் ஜெயித்தார். பதவிக்காலம் தொடங்கியது 1847 மார்ச் 4. சபை கூடியதோ டிசம்பர் 6! ஜெயித்துப் பதினாறு மாதம் கழித்துத்தான் நாற்காலி. இந்தக் கூத்தைச் சரிசெய்ய 1933 வரை ஆனது. ஆக உங்கள் இரண்டு புத்தகமும் சரியாகவே இருக்கலாம்.

இடைத்தேர்தலில் வந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. தென் கரோலினாவின் ஜோசப் ரெய்னி, கீழவையின் முதல் கறுப்பின உறுப்பினர். இன்னொருவர் ராஜினாமா செய்த இடத்துக்கு வந்ததால், 1870 டிசம்பர் 12 அன்று பாதிப் பதவிக்காலத்தில் பிரமாணம் எடுத்தார். உங்கள் ஆளின் குறிப்பில் ‘காலியிடம்’ என்று வந்தால் மார்ச் 4-ஐத் தேடாதீர்கள். பதவியேற்ற தேதியைத் தனியாகப் பாருங்கள்.

அப்புறம் தபால் வேலை. லிங்கன் 1833 முதல் 1836 வரை இல்லினாயின் நியூ சேலத்தில் தபால் அதிகாரி, கூடவே சங்கமன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) துணை நில அளவையர். முதலாவது மத்திய அரசு நியமனம். பதிவு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். இரண்டாவதுக்குக் கவுண்டியைத்தான் கேட்க வேண்டும். கவுண்டி ஒவ்வொன்றும் தனி ராஜ்யம்: ஒன்றில் கிளார்க் அலுவலகம், இன்னொன்றில் நீதிமன்றக் கிடங்கு, இன்னொன்றில் எல்லாம் தீயில் போயிருக்கும். கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

1880-களில் வந்த கவுண்டி வரலாற்றுப் புத்தகங்களை அப்படியே நம்பாதீர்கள். பலர் காசு கொடுத்துத் தங்கள் பெருமையைத் தாங்களே எழுதிச் சேர்த்தவை அவை.

கடைசியாக, மருமகள் அவர் வம்சம்தானா என்பது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று 1880 மக்கள்தொகைக் கணக்கில்தான் முதன்முதலாக எழுதினார்கள். பின்னோக்கித் தேடும்போது 1900 கணக்கிலிருந்து நேரே 1880-க்குத் தாவுங்கள். நடுவிலுள்ள 1890 கணக்கில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டன் தீவிபத்தில் சேதமாகி, பிறகு அழிக்கப்பட்டது. ‘அந்தப் பக்கத்தை எடுத்துத் தருகிறேன்’ என்று உங்கள் ஆய்வாளர் சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.