குழி தோண்டிய கம்பெனி இல்லை, செத்த மீனுக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: மலேசியா, பகாங் மாநில லிப்பிஸ் வட்டாரத்தில் தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிஓஎல் (அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம்) நிலத்தில் கெலி (கெளுத்தி) மீன் வளர்க்கிறேன். மேட்டில் கைவிட்ட பழைய இரும்புக் குழி மழைக்கு வழிகிறது. போன நவம்பரில் காவித் தண்ணீர் குளத்தில் இறங்கி, இரண்டாயிரம் மீனும் விடிவதற்குள் மிதந்துவிட்டன. தோண்டிய கம்பெனியே இப்போது இல்லையாம். நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: ஐயா, வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியைத் தேடி அலையாதீர்கள். பதிவிலிருந்து பெயர் நீக்கி 7 ஆண்டு ஆகவில்லை என்றால், நிறுவனச் சட்டம் 2016-இன்படி நீதிமன்றம் மூலம் மீண்டும் பதிவில் ஏற்றலாம்தான். காசில்லாத கம்பெனியை எழுப்பி என்ன வாங்கப்போகிறீர்கள்?

கந்தகம் கலந்த பாறையைத் தோண்டித் திறந்துவிட்டால், காற்றும் மழையும் பட்டு அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். சபா, ரானாவ் பக்கத்து மாமுட் செம்புச் சுரங்கம் 1975-இல் தொடங்கி 1999-இல் மூடப்பட்டது. அந்தத் திறந்த குழி இன்று அமில ஏரி. உங்கள் குழி அதற்கு முன்னால் கொசு. ஆனாலும் இரண்டிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நிலம் இன்று யார் கையில்?

சுரங்கக் குத்தகை முடிந்து நிலம் மாநில அரசுக்குத் திரும்பியிருந்தால், அரசு மேல் வழக்குப் போட 36 மாதம்தான் அவகாசம். தனியார் கையில் இருந்தால் 6 ஆண்டு. ஒவ்வொரு முறை தண்ணீர் இறங்கும்போதும் புதிய கணக்கு தொடங்கும் என்று வாதிடலாம். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

எனக்குக் கவலை உங்கள் டிஓஎல் மேல்தான். அது டிசம்பர் 31-இல் காலாவதியாகும். பலரும் மார்ச்சில் போய்த்தான் புதுப்பிக்கிறார்கள். அந்த நவம்பரில் உங்களிடம் செல்லுபடியான உரிமம் இருந்ததா, ரசீது உண்டா? அதில் காய்கறி என்று மட்டும் எழுதியிருந்தால், மீன் குளத்தை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். நிலத்தில் சட்டப்படி இருந்தவருக்குத்தான் தொல்லை வழக்கு (பக்கத்து நிலத்தால் வரும் கேட்டுக்கான வழக்கு) வலுவாக நிற்கும்.

நீங்களே மினரல் பாட்டிலில் பிடித்து ஐஸ்பெட்டியில் வைத்திருந்தால், அந்தத் தண்ணீர் நீதிமன்றத்தில் பெரிதாக எடுபடாது. சுற்றுச்சூழல் துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அதிகாரிகளை வைத்தே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த கனமழை அன்றே போன் அடியுங்கள். வெயிலில் வந்தால் வாய்க்கால் தெளிந்துவிடும். மீன் குஞ்சு, தீவன பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

உரிமையாளர் தனியார் என்றால், 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காக நீங்களே போடலாம். உங்கள் மீனின் மதிப்பு அதற்குள் அடங்கினால் வக்கீல் வேண்டாம். எங்கள் கட்டணமே மீன் காசை விழுங்கிவிடும். அரசு என்றாலோ, மதிப்பு அதைத் தாண்டினாலோ வக்கீலைப் பாருங்கள், வசதி இல்லையென்றால் சட்ட உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

இந்த வாரமே நில அலுவலகத்தில் அந்தக் குழியின் லாட்டுக்கு (நிலத் துண்டுக்கு) சாரியான், அதாவது உரிமையாளர் யார் என்று பதிவேட்டில் தேடும் விண்ணப்பம், போடுங்கள். எண் தெரியாவிட்டால் டிஓஎல் தாளில் வரைபடம் இருந்தால் அதைக் காட்டி, பக்கத்து லாட்டின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.