கடையில் வாங்கிய அரிசியை விதைத்தால் நெல் வளருமா?

அம்பத்தூரில் மொட்டை மாடி வாளியில் நெல் வளர்க்க ஆசை, வீட்டுப் பச்சரிசியைப் போட்டால் முளைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முளைக்காது. ஆலையில் தீட்டும்போதே முளைக்கரு தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கலரிசியோ ஏற்கெனவே வெந்தது. உமியோடு விதைநெல்தான் வேண்டும்; திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் விவசாயிகளிடம் ஒரு பிடி கேட்டுப் பாருங்கள்.

விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் ஒரு நாள் கட்டி வைத்தால் முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். சேற்றில் தூவி, மூன்று நான்கு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி நட வேண்டும். அப்புறம் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும்; பிறகு கதிர் வரும்.

உண்மையில் பயிருக்குக் கண்டம், அது பூக்கும் நாட்களில்தான். காலை 10 மணிவாக்கில் உமி வாய் திறந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு மணி நேரம் போல இருந்துவிட்டு மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகி, மணி பிடிக்காமல் பதராகிவிடும். சென்னை மே மாதம்தான் தெரியுமே! அதனால் ஆடுதுறை 36 மாதிரி 110 நாள் ரகத்தை டிசம்பரில் விதையுங்கள், மார்ச்சில் பூத்துவிடும். பூத்து சுமார் 30 நாளில் அறுவடை. மணியில் பால் பிடித்ததும் குருவிகள் மோப்பம் பிடித்து வரும், வலை கட்டிவிடுங்கள்.