ஸ்காபரோவுக்கும் கொக்குவிலுக்கும் சேர்த்து ஒரு கோல்ஃப் பூல்: புதுசா வந்த தம்பிக்குப் பதில்

தம்பி, யாழ்ப்பாணத்தில இருந்து ஸ்காபரோ வந்து, வேலையிடத்துப் பெடியளோட கோல்ஃப் பார்க்கப் பழகிட்டீர். ஏப்ரலில நடக்கிற மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டிக்கு ஒரு பூல், அதாவது ஆளாளுக்கு ஆட்டக்காரரைத் தெரிஞ்செடுத்துப் பந்தயம் பிடிக்கிற விளையாட்டு, நடத்த விருப்பம், கொக்குவிலில இருக்கிற கூட்டாளிமாரையும் சேர்க்கலாமோ, எப்பிடித் தொடங்கிறது எண்டு கேட்டிருக்கிறீர். தாராளமாச் சேர்க்கலாம். கோல்ஃப் தெரியாதவனும் ஞாயிறு வரைக்கும் ஆட்டத்துக்குள்ள நிற்கிற மாதிரி விதி இருக்கோணும். அந்த விதி வியாழனுக்கு முந்தி எழுத்தில இருக்கோணும். பூல் குழம்பிறது இந்த இரண்டிலதான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு முதல்ல இதைச் சொல்லும்: இங்க பந்தை அடிச்ச எண்ணிக்கை குறைஞ்சவன்தான் வெல்லுவான். ஒரு சுற்றுக்கு 18 குழி, வியாழன் தொடக்கம் ஞாயிறு வரை நாலு சுற்று. மாஸ்டர்ஸ் நடக்கிற ஒகஸ்ராவில சுற்றுக்குப் பார், அதாவது இத்தனை அடியில முடிக்கோணும் எண்டு வைச்ச கணக்கு, 72. 69 அடியில முடிச்சால் மைனஸ் 3. இவ்வளவும் விளங்கினால் காணும்.

ஆட்டக்காரரை ஆறு குழுவாப் பிரியும். மாஸ்டர்ஸில ஏறக்குறைய 90 பேர்தான். முதல் அஞ்சு குழுவிலையும் பத்துப் பத்துப் பேர், மிச்சம் எல்லாரும் ஆறாவதில. குழுவுக்கு ஒருத்தராக ஆறு பேரை எடுக்க விடும். அதில நல்லா ஆடின நாலு பேரின்ர கணக்கை மட்டும் சேரும். ஷெஃப்லர், மெக்கில்ரோய் மாதிரி முன்னணி ஆட்டக்காரர் இரண்டு பேரும் முதல் குழுவில நிற்பினம், அதால அவையை ஒரே ஆள் வைச்சிருக்க ஏலாது. பிரிக்கேக்க உலகத் தரவரிசையை நம்பாதேயும். லிவ் எண்ட தனிக் கோல்ஃப் தொடருக்குக் கனகாலம் தரவரிசைப் புள்ளி குடுக்கேல்லை, அதால ஜோன் ராம் மாதிரி ஆக்கள் அதில கீழ போயிட்டினம். அவரைக் கொண்டுபோய் அஞ்சாம் குழுவில வைச்சால் எல்லாரும் அவரைத்தான் எடுப்பினம், பிறகு அந்தக் குழு இருந்தும் இல்லாத மாதிரி. பந்தய நிறுவனங்கள் போடுற வெற்றி வாய்ப்பு வரிசையைத் திங்கட்கிழமை பார்த்துப் பிரியும். இன்னொண்டு: மாஸ்டர்ஸில முந்தி வென்றவைக்கு ஆயுள் முழுக்க இடம் இருக்கு. 1992 இல வென்ற ஃபிரெட் கப்பிள்ஸ் மாதிரி மூத்த ஆக்கள் ஆறாம் குழுவில நிற்பினம். தெரிஞ்ச பேர் எண்டு ஊர்ப் பெடியள் அவையை எடுத்து ஏமாறாமல் முன்கூட்டியே சொல்லிவிடும்.

சண்டை வாறது வெள்ளி இரவு. இரண்டு சுற்று முடிய 'கட்' விழும்: மாஸ்டர்ஸில முதல் 50 இடமும் அந்த 50 ஆம் இடத்தோட சமனா நிற்கிறவையும் மட்டும் மிஞ்சுவினம். மற்ற மூன்று பெரிய போட்டியளில, பிஜிஏ சாம்பியன்ஷிப்பிலையும் பிரிட்டனில நடக்கிற ஓபினிலையும் அது 70, யூஎஸ் ஓபினில 60. ஒருத்தன் பிளஸ் 5 இல வெட்டுப்பட்டுப் போறான் எண்டு வையும். அதை அப்பிடியே விட்டால், கட் தாண்டி ஞாயிறு பிளஸ் 9 இல முடிச்சவனைவிட வெட்டுப்பட்டவன் முன்னுக்கு நிற்பான்! இது பெரிய அநியாயம். ஆடாத ஒவ்வொரு சுற்றுக்கும் 80 அடி, அதாவது பிளஸ் 8, போடும். பிளஸ் 5 காரன் 21 ஆகிடுவான். ஆறில நாலுதான் எண்ணிறபடியால் இரண்டு பேர் வெட்டுப்பட்டாலும் தப்பலாம், மூன்றாவது ஆள் போனால்தான் பாதிப்பு. தொடங்க முந்தி ஒருத்தர் விலகினால் அதே குழுவில வரிசைப்படி அடுத்தவர். தொடங்கின பிறகு விலகினால் கட் விதிதான்.

அணி குடுக்கிற கடைசி நேரத்தைப் புதன் இரவு 9 மணி எண்டு வையும். ஊரில அது வியாழன் காலை 6.30, கோடையில வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம். யூலை ஓபினுக்கும் இதே நேரம் சரிவரும், ஏனெண்டால் அது ரொறன்ரோவில நாங்கள் நித்திரையா இருக்கேக்க, விடியப்புறம் ஒன்றரைக்குப் பிறகு தொடங்கிடும். அணியைக் கூகிள் ஃபோமில வாங்கும். வாட்ஸ்அப்பில வாங்கினால் பிந்தி வாறவன் மற்றவனைப் பார்த்து எடுப்பான். 9 மணிக்கு ஃபோமை மூடி, எல்லாற்றை அணியையும் உடனே குறூப்பில போடும்.

கணக்குக்குக் கூகிள் ஷீட். ஆறு எண்ணில சின்ன நாலை எடுக்க 'ஸ்மால்' எண்ட சூத்திரம், கூட்ட 'சம்'. பாருக்குச் சமன் எண்டதைப் புள்ளிப் பலகையில 'ஈ' (E) எண்டு போடுவினம். நீர் 0 எண்டு அடியும், எழுத்தா இருந்தால் ஷீட் அந்த ஆளை எண்ணாமலே விட்டிடும். இணையத்தில இருந்து ஒட்டினால் கழித்தல் குறியும் சிலவேளை எழுத்தா நிற்கும், கையால அடிக்கிறதுதான் நல்லது.

சமனா வந்தால் பிரிக்க, வெல்லுறவரின்ர எண்ணிக்கையை ஃபோமிலேயே ஊகிக்கச் சொல்லும். 72 குழி முடிவு எண்டு எழுதும். 2025 இல மெக்கில்ரோயும் ஜஸ்ரின் ரோஸும் மைனஸ் 11 இல நிண்டு மேலதிக குழி ஆடினவை; அந்த அடியள் கணக்கில வராது.

காசு விசயத்தில சீட்டுப் பிடிக்கிற ஆள் மாதிரி நேர்மை வேணும். ஆளுக்கு 20 டொலர், புதனுக்கு முந்தி ஈ-ட்ரான்ஸ்ஃபர்; கட்டாதவன்ர அணி சேராது. 12 பேர் எண்டால் 240: முதலாவதுக்கு 150, இரண்டாவதுக்கு 70, கடைசி ஆளுக்கு அவன்ர 20. நடத்திறதுக்கெண்டு நீர் ஒரு சதமும் எடுக்கக்கூடாது. கனடாவில தனியாட்களுக்கிடையிலான பந்தயத்துக்குச் சட்டம் இடம் விடுகுது, தொழிலாச் செய்தால் விடாது. ஊர்ப் பெடியளிட்டக் காசு வாங்கவே வேண்டாம். ஒரே ஷீட்டில அவைக்குத் தனி வரிசை போடும்; கடைசியா வாறவர் நல்லூரடியில ரியோ ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்கட்டும்.

கணக்கை ஒரு சுற்று முடிய ஒருக்கால் மட்டும் போடும். ஞாயிறு ஆட்டம் முடிய ஊரில திங்கள் விடிஞ்சுகொண்டிருக்கும், அண்டிரவே முடிவை அனுப்பினால் எழும்பேக்க பார்ப்பினம். சீசன் முழுக்க வாரத்துக்கு ஒருத்தரை எடுக்கிற பூலை முதல் வருசம் தொடாதேயும், கோல்ஃப் புதுசான ஆக்கள் அதில மே மாசத்தோட விட்டிட்டுப் போயிடுவினம்.