100 எம்பிபிஎஸ் லைன் இருந்தும் வர்ஜீனியாவுக்கு ஃபைல் ஏன் ஊர்ந்து போகிறது?

தக்கலையில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "கல்யாண வீடியோ 300 ஜிபி. ஸ்டூடியோ சர்வரிலிருந்து அமெரிக்காவில் வர்ஜீனியாவில் வாடகைக்கு எடுத்த சர்வருக்கு அனுப்ப வேண்டும். ஸ்பீட் டெஸ்ட்டில் அப்லோடு 100 எம்பிபிஎஸ், ஆனால் எஸ்சிபி (ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் அனுப்பும் கட்டளை) போட்டால் விநாடிக்கு 1 எம்பியைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பெரிய பிளானுக்கு மாறட்டுமா?"

வேண்டாம், காசை வீணாக்காதீர்கள். எம்பிபிஎஸ் மெகாபிட் கணக்கு, எம்பி மெகாபைட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 12.5 எம்பி. முழுசாக ஓடினால் 300 ஜிபி ஏழு மணி நேரத்துக்குள் போய்விடும், இப்போதைய வேகத்தில் மூன்றரை நாள். ஸ்பீட் டெஸ்ட் பக்கத்தில் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இருக்கிற சர்வரோடு நின்றுவிடும். வர்ஜீனியாவுக்குப் பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள், போய்வர 250 மில்லிவிநாடி பக்கம் காட்டும். வினையே அங்கேதான்.

எஸ்சிபி ஓடுவது டிசிபி என்ற இணைய விதிமுறையின் மேல். டிசிபி கொஞ்சம் டேட்டாவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வடசேரியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரெண்டே பஸ், அவை திரும்பினால்தான் அடுத்த டிரிப் என்றால் ரோடு எவ்வளவு அகலமாக இருந்து என்ன பயன்? உங்கள் லைன் நிரம்ப எந்த நேரமும் சுமார் 3 எம்பி வழியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, நடுவில் ஒரு பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) தொலைந்தாலே, லினக்ஸில் அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்த வழக்கமாக இருக்கும் கியூபிக் முறை அனுப்பும் அளவை 30 சதவீதம் வெட்டிவிடும், பழைய அளவுக்கு ஏறிவர சில விநாடிகள் பிடிக்கும், அதற்குள் இன்னொன்று தொலையும்.

அதனால் ஒரே இணைப்பை நம்பாதீர்கள். ஆர்குளோன் என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளைப் போட்டு, டிரான்ஸ்ஃபர்ஸ் எண்ணிக்கையை 8 என்று வையுங்கள், எட்டு ஃபைல் ஒரே நேரத்தில் போகும், ஒன்று தடுமாறினாலும் மற்ற ஏழும் ஓடும். பெரிய ஃபைல்களை ஸ்பிளிட் கட்டளையால் 2 ஜிபி துண்டுகளாக்குவது இன்னும் நல்லது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, கரண்ட் போகத்தான் செய்யும். எஸ்எஃப்டிபி (எஸ்சிபி போலவே பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் வழி) மூலம் அனுப்பும்போது ஆர்குளோன் பாதியில் நின்ற ஃபைலை முதலிலிருந்துதான் தொடங்கும், 80 ஜிபி ஃபைல் என்றால் அத்தனையும் போச்சு, துண்டு என்றால் அப்போது போய்க்கொண்டிருந்த 2 ஜிபி துண்டுகளோடு போகும்.

அப்புறம், கியூபிக்குக்குப் பதிலாக 2016-ல் கூகுள் கொண்டுவந்த பிபிஆர் முறை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 4.9 முதல் கூடவே வருகிறது, அனுப்பும் பக்கத்தில், அதாவது உங்கள் ஸ்டூடியோ சர்வரில் மட்டும் மாற்றினால் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாக்கெட் தொலைவதைப் பார்த்து அது பயந்து வேகத்தைக் குறைக்காது. தூர சர்வருக்கு இதை நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

வீடியோவை ஜிப் செய்யாதீர்கள், ஏற்கெனவே சுருக்கியதுதான், நேரம்தான் வீண். போய்ச் சேர்ந்ததும் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 (ஃபைலின் கைரேகை மாதிரியான சரிபார்ப்பு எண்) பார்த்து ஒத்துப்போன பிறகே இங்குள்ள காப்பியை அழியுங்கள், தாலி கட்டுகிற காட்சி கெட்டுப்போனால் மறுபடி எடுக்க வழியில்லை.

இவ்வளவு செய்தும் வேகம் வராவிட்டால் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவி கொண்டு அதே வர்ஜீனியா சர்வருக்கு எட்டு இணைப்பில் அளந்து பாருங்கள். அதில் நன்றாக ஓடினால் உங்கள் ஹார்டு டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும், அதிலும் ஊர்ந்தால் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு லைன்காரரிடம் பேசுங்கள்.