ரீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி: மகன் இரண்டாம் வகுப்பு. யூன் பிறந்ததில் இருந்து வீட்டுவேலை ஒன்றும் இல்லை. ஆமைப் படம் வெட்டிக்கொண்டு வந்து "பதின்மூன்று நிலா" என்கிறான். வருடப் படிப்பு இவ்வளவுதானா?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: ரிப்போட் எழுதி முடித்துவிட்டோம், அது உண்மை. அதற்காகப் படிப்பு நின்றுவிடவில்லை, அம்மா. அந்த ஆமையை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். ஓட்டின் நடுவே பெரிய தட்டுகள் 13 இருக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களுக்கு ஒரு தட்டு ஒரு நிலா, 13 நிலா ஒரு வருடம். ஓரத்துச் சின்னத் தட்டுகளை 28 நாள் என்று எண்ணுவார்கள். 28ஐ 13 தரம் கூட்டச் சொன்னேன். 364 வந்தது. "ஒரு நாள் குறையுது ரீச்சர்!" என்று முன்வாங்குப் பிள்ளை ஒன்று கத்தியது. அன்று பின்னேரம் முழுக்க அந்த ஒரு நாளைத் தேடினோம்.

யூன் அனிஷினாபே மக்களுக்கு ஸ்ட்ரோபெரி நிலா. பழத்தின் பெயர் ஒதேமின். ஒதே என்றால் இதயம், மின் என்றால் பழம். ஏன் அந்தப் பெயர் என்று நான் விளக்கவில்லை. பழத்தை நெடுக்காக வெட்டிக் கையில் கொடுத்தேன், பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். நீங்கள் வீட்டில் தைப்பூசத்து நிலாவையும் சித்திராப் பௌர்ணமியையும் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் வகுப்பில் வந்து சொல்லட்டும்.

கேள்வி: யூன் 21, பூர்வகுடி மக்கள் தினத்துக்கு மகளின் வகுப்பில் உதவ ஒப்புக்கொண்டேன். கலர் பேப்பரில் இறகுக் கிரீடம் செய்யலாம் என்று யோசனை. சரிதானே?
– ஒரு தந்தை, மார்க்கம்

பதில்: வேண்டாம், தம்பி. முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். 22 கிரீடங்கள், சிவப்பும் மஞ்சளும். ஸ்டேப்ளர் அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம். பள்ளி விட்டதும் ஒரு பிள்ளையின் அம்மம்மா, ஒஜிப்வே பூர்வகுடிப் பெண்மணி, வாசலில் நின்றார். கோபம் இல்லை. "இறகு ஒருவர் செய்த காரியத்துக்காக ஊர் கொடுப்பது. இவர்கள் இன்று என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு, நான் செய்த அந்த நீள இறகுக் கிரீடம் மேற்கே சமவெளி மக்களுடையது. இந்தப் பக்கத்து வழக்கமே இல்லை. வடக்கே இனுயிட்டுகளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எல்லாரையும் ஒரே கிரீடத்துக்குள் அடைத்திருந்தேன்.

அப்புறம் கிரீடப் பக்கமே போகவில்லை. சுவரில் மப்பை விரித்து ஊர்ப் பெயரில் தொடங்குகிறேன். ரொறன்ரோ என்பது மொஹாக் என்ற பூர்வகுடி மக்களின் சொல்லில் இருந்து வந்தது: தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம். இந்த நகரத்தைச் சொன்ன பெயரே இல்லை அது. வடக்கே சிம்கோ ஏரியும் கூச்சிச்சிங் ஏரியும் சேரும் ஒடுக்கத்தில் மீன் மறிக்கக் கம்பு நட்டிருந்தார்கள், 4,500 வருடத்துக்கும் முந்திய வேலை. பெயர் பிறகுதான் தெற்கே இறங்கி வந்தது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேரனைக் கூட்டிப்போக வந்த யாழ்ப்பாணத்துக் குருநகர்த் தாத்தா ஒருவர் வாசலில் இருந்தே, "எங்கட சிறகுவலை மாதிரித்தான்!" என்றார். உள்ளே கூப்பிட்டேன். சோக்கை வாங்கி, கடலுக்குள் கம்பு எப்படி நடுவது, மீன் எந்தப் பக்கத்தால் வந்து மாட்டும் என்று பலகையில் கீறிக் காட்டினார். மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

கையால் ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் மூன்று சகோதரிகளை நடுங்கள். சோளன், போஞ்சி, பூசணி: ஹோடனஷோனி என்ற பூர்வகுடி மக்களின் பயிர்முறை. சோளனில் போஞ்சி படரும், போஞ்சி மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரம் காக்கும். மே கடைசியில் பேப்பர் கப்பில் சோளனை ஊன்றுங்கள். லீவு விடும்போது ஒரு சாண் வந்திருக்கும். போஞ்சி விதையும் பூசணி விதையும் மடித்துக் கொடுத்துவிடுங்கள், மிச்சத்தை வீட்டு வளவில் நடட்டும். பல்கனிதான் என்றால் பெரிய வாளி வேண்டும். பூசணி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை மூட்டும்.

கேள்வி: கடைசி நாளுக்கு ரீச்சருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, அஜாக்ஸ்

பதில்: பிள்ளை கைப்பட எழுதிய நாலு வரி. கோப்பை மட்டும் வேண்டாம். என் அலுமாரியில் 31 இருக்கிறது.